முழுக்கைக்குக் காரணம்

அன்று வகுப்பில் இருந்தவர்கள்: கணக்கு சார், லீடர், மண்டிக்காரர் மகன், முன்வரிசைப் பெண்கள் நான்கு பேர், கடைசி பெஞ்சுக் கூட்டம், நான். இல்லாதவர்கள் ஐந்து பேர். தலைமையாசிரியர் அறையில் சுருட்டிக் கிடந்த தேசப்படங்களைத் தூசி தட்டி அடுக்கச் சொல்லி சார் அவர்களை அனுப்பியிருந்தார். அது அப்படியொன்றும் அவசரமான வேலை இல்லை. அவர்கள் போனதும் சார் எழுந்து கதவைச் சாத்தினார். அந்த ஐந்து பேரைப் பற்றித்தான் பேச்சு என்று அப்போது புரிந்தது. அவர்களில் ஒருவன் என் பக்கத்து இடத்துக்காரன். அவனுடைய பை என் காலருகே கிடந்தது.

நீங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு அனுப்பிய கடிதம் கிடைத்தது. இந்தத் தீபாவளிக்கு நம் பள்ளிக்கூடத்தில் இல்லாதப்பட்ட பிள்ளைகளின் வீடுகளுக்கு நாம் துணி எடுத்துத் தரலாம், எட்டாவது படிக்கும்போது செய்தோமே அதுபோல என்று எழுதியிருக்கிறீர்கள். என் பங்கைத் தந்துவிடுகிறேன். ஆனால் எட்டாவது படிக்கும்போது நாம் செய்ததில் ஒரு பகுதி உங்களுக்குத் தெரியாது. நமக்கும் முப்பது நெருங்குகிறது. இதற்கு மேலும் சொல்லாமல் இருப்பது சரியில்லை என்று படுகிறது.

மறியல் நடந்த வருஷம் அது. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலையை மறித்தார்கள். நைனார்பாளையம் போகிற சாலையில் இரண்டு பக்கமும் நின்ற புளியமரங்கள் அறுபட்டுக் குறுக்கே விழுந்து கிடந்ததை நாம் வரிசையாகப் போய்ப் பார்த்தோம். ஆள் உயரத்துக்குக் கிளைகள். பிஞ்சுப் புளியை உட்கார்ந்தபடியே பறிக்க முடிந்தது. அதற்காகச் சந்தோஷப்பட்டோம் என்பதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. மறியல் முடிந்து மரங்களை இழுத்துப் போட்ட பிறகு ஜீப் வர ஆரம்பித்தது. ஜீப் சத்தம் கேட்டால் ஆண்கள் சோளக்கொல்லைக்குள் போனார்கள். சிலர் ஜெயிலுக்குப் போய்விட்டார்கள், சிலர் ஊரைவிட்டே போய்விட்டார்கள். யாருடைய அப்பா எங்கே என்று கேட்கக் கூடாது என்பது நமக்கு யாரும் சொல்லித் தராமலே தெரிந்திருந்தது. கொல்லை வேலை நின்றது. அதனால் காலனியிலும் அடுப்பு எரியவில்லை.

சார் எலவனாசூர்கோட்டையிலிருந்து வருகிறவர். நம் ஊர்க்காரர் இல்லை என்பதால் அவருக்கு இதையெல்லாம் பேச முடிந்தது. தீபாவளிக்கு இந்த ஐந்து வீட்டிலும் புதுத்துணி இருக்க வேண்டும், நாம் கொடுத்தது என்று ஒருவருக்கும் தெரியக் கூடாது என்றார். லீடர் எழுந்து, "காலனி வூட்டுக்குமா சார்?" என்று கேட்டான். ஐந்தில் இரண்டு அந்தப் பக்கத்து வீடுகள்.

"கிளாஸ்ல இருக்கறவங்கள கழிக்கச் சொல்றியா?" என்றார் சார். "போன பரீட்சையில கழித்தல்லதான நீ மார்க்க வுட்ட?"

எல்லோரும் சிரித்தோம். லீடர் உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

பணத்துக்கு வழி மண்டியில் மல்லாட்டை உடைத்துக் கடலை எடுப்பது. இரண்டு வாரம் சனி, ஞாயிறு முழுக்க உடைத்தோம். கட்டைவிரல் நகத்தின் ஓரம் கிழிந்து, அந்த இடத்தில் சிவப்புத் தோலின் தூள் ஏறி எரியும். சாப்பிடும்போது குழம்பில் கை வைக்க முடியாது. மண்டிக்காரர் படி அளந்து கூலி போடுவார். உடைத்ததில் பாதி நம் வாய்க்குள் போகிறது என்று மகனையும் சேர்த்துத் திட்டுவார். உண்மைதான். ஆனால் கூலியில் பிடிக்கவில்லை. கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் சார் மூன்று நிறத்தில் துணி எடுத்து வந்தார். ஒரே நிறமாக இருந்தால் தெருவில் ஐந்து வீட்டையும் சேர்த்துப் பார்க்கிறவனுக்கு விஷயம் விளங்கிவிடும் என்று அவருடைய யோசனை. துணிக்கட்டைப் பிரித்ததும் கஞ்சி வாசனை. மண்டிக்காரர் மகன் அதில் முகத்தை வைத்துக்கொண்டு எடுக்கவே இல்லை.

அளவெடுக்கும் வேலை எனக்கு வந்தது. எழுத்து திருத்தமாக இருக்கும் என்பதுதான் காரணம். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூட வாசல் மிதித்தவன் நான்தான் முதல். கடிதாசி, மனு, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது என்று தெருவே என்னிடம் வரும். சொன்னதில் ஒரு சொல் விடாமல் எழுதுவேன். ஒருமுறை ஒரு பெரியவர் மகனுக்குக் கடிதம் சொல்லிக்கொண்டிருக்கும்போது இருமினார். "இந்த இடத்தில் இருமினார்" என்று அதையும் எழுதினேன். எதையும் விடாமல் எழுதுவதுதான் படிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டெய்லர் தன் பழைய டேப்பைக் கொடுத்து, நீளம், மார்பு, தோள், கை, கழுத்து என்று வரிசை சொல்லித் தந்தார். சார் ஒரு கட்டளை போட்டார். துணி மட்டாக இருக்கிறது, எல்லோருக்கும் அரைக்கைதான். யாருக்காவது கூடுதல் துணி பிடிக்கும் என்றால் காரணத்தைச் சீட்டில் எழுது. காரணம் இல்லாமல் டெய்லர் துணி கேட்டால் நான் தர மாட்டேன்.

பக்கத்து இடத்துக்காரன் வீட்டுக்கு அவன் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். அவன் அம்மா வாசலில் சோளக்கதிர் தட்டிக்கொண்டிருந்தார். நான் அவரைச் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவேன்.

"ஆடு ஓட்டிக்கினு போய்க்கிறான் கண்ணு" என்றார்.

அவனைப் பார்க்க வரவில்லை, அளவெடுக்க வந்திருக்கிறேன், பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டில் எல்லோருக்கும் துணி தருகிறார்கள் என்றேன்.

"எல்லா வூட்டுக்கும் தராங்களா?"

"ஆமா சின்னம்மா."

"அப்ப உனக்கும் உண்டு."

நான் டேப்பைச் சுருட்டினேன், பிரித்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். "பொய் சொல்றதுக்குத் தனியா படிக்கணும் போல கீது. வா, எடு."

அவனுடைய தங்கையை அளந்தேன். சின்னம்மா தனக்கு வேண்டாம் என்றார். நான் விடவில்லை. வீட்டில் எல்லோருக்கும் என்று சார் சொல்லியிருக்கிறார், சித்தப்பாவுக்கும் உண்டு என்றேன்.

அவன் அப்பா மரம் அறுக்கிறவர். இரண்டு பேர் இழுக்கிற நீள ரம்பம் நம் ஊரில் அவரிடம் மட்டும்தான் இருந்தது. மறியல் தொடங்கிய மறுநாள் அந்த ரம்பம் ஒரு புளியமரத்தடியில் கிடந்தது. அவர் அறுத்தாரா, வேறு யாராவது வாங்கிக்கொண்டு போனார்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. மரம் அறுத்த கேஸில் முதல் பெயர் அவருடையது. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார் என்று வீட்டில் சொன்னார்கள். ஊரும் அதையே சொன்னது.

சின்னம்மா கதிர்த் தூசியை உதறிக்கொண்டு எழுந்தார். உள்ளே போய்க் கொடியிலிருந்து ஒரு பழைய சட்டையை எடுத்து வந்தார். மரத்தூளும் பீடியும் கலந்த வாசனை இன்னும் அதில் இருந்தது. தரையில் விரித்து அளந்தேன். மார்புக்கு முப்பத்தாறு என்று எழுதினேன்.

"ரெண்டு இஞ்சு கம்மி பண்ணிக்கோ" என்றார். "எளச்சிட்டாரு."

கம்மி பண்ணினேன்.

"கைய முழுசா வெக்கச் சொல்லு கண்ணு. மலை மேல குளிரு ஜாஸ்தி. ராவெல்லாம் தூங்கறதில்லியாம்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். உள்ளே போய் ஒரு கை நெல்லிக்காய் கொண்டுவந்து என் சட்டைப் பையில் போட்டார். காட்டு நெல்லி. சின்னதாக, கோலிக்குண்டு அளவு. கருவாட்டைத் தூக்கிக்கொண்டு போய் மலையில் விற்றுவிட்டுப் புளி வாங்கி வருகிறேன் என்று அவர் வாரம் ஒருமுறை போவது எல்லோருக்கும் தெரியும். மழை விட்டால் நம் பள்ளிக்கூடத்திலிருந்தே கல்வராயன் மலை நீலமாகத் தெரியும். அங்கே கோடையில் மரம் அறுக்கப் போய்ப் பழகிய ஒரு வீட்டில் சித்தப்பா இருந்திருக்கிறார்.

நெல்லிக்காயைக் கடித்தபடியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சீட்டை முடித்தேன். மேலே அவருடைய பெயர், இன்ஷியலோடு. கீழே: "மார்பு 36. இப்போது இளைத்துவிட்டார், 34 வைக்கவும். முழுக்கை. காரணம்: மலையில் குளிர் அதிகம்." காரணம் என்ற சொல்லுக்கு அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். மற்ற சீட்டுகளோடு சேர்த்து டெய்லரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன். உண்மையாகவே சொல்கிறேன், எனக்கு எதுவும் தோன்றவில்லை.

டெய்லர் கடையில் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு வளைந்த கம்பி தொங்கும். அளவுச் சீட்டுகளை அதில் குத்தி வைப்பார். உட்கார்ந்து காத்திருக்கிறவர்கள் பேப்பர் இல்லாவிட்டால் அதைப் புரட்டுவார்கள். மூன்று நாள் கழித்து நான் எதிர்க்கடையில் பால் வாங்க நின்றபோது டெய்லர் கடையில் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார். அவருடைய காக்கிப் பேன்ட்டை டெய்லர் இடுப்பில் பிரித்துவிட்டுக்கொண்டிருந்தார். போலீஸ்காரர் கம்பியிலிருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளினார். ஒன்றில் நின்றார். அதைத் திரும்பப் படித்தார். டெய்லரிடம் ஏதோ கேட்டார். டெய்லர் சிரித்தபடி பதில் சொன்னார்.

நெல்லிக்காய் கடித்த வேப்பமரத்தடி, கோடு போட்ட ஸ்கேல், எல்லாம் அப்போதுதான் எனக்கு வரிசையாக வந்தது. பால்காரர் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார். நான் பாத்திரத்தை நீட்டவே இல்லை.

போலீஸ்காரர் போனதும் ஓடினேன். டெய்லர் என்னைப் பார்த்து, "வாய்யா வாத்தியாரே" என்றார். அப்படித்தான் கூப்பிடுவார்.

"அவரு இன்னா கேட்டாருண்ணே?"

"யாரு கையெழுத்து, அச்சுல போட்ட மாதிரி கீதேன்னு கேட்டாரு. உம் பேரச் சொன்னன். சந்தோஷப்படு."

"அப்பால?"

"அப்பால அந்த முழுக்கச் சட்ட என்னிக்கு ரெடியாவும்னாரு. அவருக்கு இன்னாத்துக்குன்னு நான் கேக்கல. பேன்ட்டுக்கே காசு தரல."

மறுநாள் காலையில் சாரிடம் சொன்னேன். சார் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன். வகுப்பை விட்டுவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு டெய்லர் கடைக்குப் போனார். கம்பியில் எல்லாச் சீட்டும் இருந்தது. முழுக்கைச் சீட்டு மட்டும் காணோம். பேன்ட்டை வாங்க வந்தவர் கிழித்துக்கொண்டு போயிருக்கிறார்.

திரும்பி வரும்போது சார் சொன்னதை அப்படியே நினைவு வைத்திருக்கிறேன். "யார்கிட்டயும் மூச்சு வுடாத. போலீஸுக்கு ஆயிரம் வேல இருக்கு. தீபாவளி முடிஞ்சா மறந்துடுவான்."

அவர் நல்லவர். ஆனால் அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர். மறியல்காரன் வீட்டுக்குத் துணி கொடுத்தார் என்று ஒரு வார்த்தை மேலே போனால் என்ன ஆகும் என்று அவருக்குப் பயம். அது இப்போது புரிகிறது. அன்று எனக்கு அது ஆசிரியர் சொன்ன சொல். மீறக் கூடாதது. சின்னம்மா வீடு பள்ளிக்கூடத்திலிருந்து நூறு அடி. போய்ச் சொல்லியிருந்தால் சித்தப்பா வேறு இடம் போக இரண்டு நாள் இருந்தது. நான் போகவில்லை. இரண்டு நாளும் பக்கத்து இடத்துக்காரன் தோள் என் தோளில் இடிக்க உட்கார்ந்திருந்தேன். என் நோட்டைப் பார்த்து அவன் கணக்கு எழுதினான். நான் தப்பாகப் போட்டிருந்ததையும் சேர்த்து எழுதினான். என்னிடம் தப்பு இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் முற்பகல் ஜீப் வந்தது. பியூன் வந்து அவனை வெளியே கூப்பிட்டதை நீங்களும் பார்த்தீர்கள். அவன் அம்மாவை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அடிக்கவில்லை. வெயில் இறங்கும்வரை பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். பெங்களூரில் இருக்கிறவன் இளைத்துவிட்டான் என்று உனக்கு எப்படித் தெரியும், பெங்களூரில் எந்த மலை என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு வாரத்தில் அவன் தானாக வரவில்லை என்றால் நாங்கள் மேலே போவோம், சோறு போட்ட வீட்டையும் சேர்த்து இறக்கிக்கொண்டு வருவோம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

காலனி ஆள் எவனோ காட்டிக்கொடுத்துவிட்டான் என்று அன்று சாயங்காலம் லீடர் சொன்னான். நீங்கள் எல்லோரும் தலையாட்டினீர்கள். உங்களோடு உட்கார்ந்து மல்லாட்டை உடைத்த கையை வைத்துக்கொண்டு நானும் அங்கே நின்றேன். வாயைத் திறக்கவில்லை. காலனிப் பிள்ளைகள் இரண்டு பேரும் அந்த வாரம் முழுக்கத் தனியாக உட்கார்ந்தார்கள். அவர்கள் வீட்டில் ஒருவரும் எதையும் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்தவன் நான். இந்தக் கடிதத்தை முதலில் அந்த இரண்டு பேருக்கும் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மறுநாள் காலையில் சாரிடம் சொல்லாமல் சின்னம்மா வீட்டுக்குப் போனேன். முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் நின்றேன். அவர் நிமிரவில்லை.

"நான்தான் சின்னம்மா எழுதுனேன்."

"தெர்யும். படிச்சிக் காட்டுனாங்க." ஒரு கல்லை எடுத்து வாசலில் எறிந்தார். "நான் சொன்னதுல ஒண்ணு வுடாம எழுதிக்கிற."

நான் அழ ஆரம்பித்தேன். அவர் முறத்தைக் கீழே வைத்தார்.

"சொன்னது நாந்தான் கண்ணு. எழுதுன்னு நான் சொல்லல. அவ்ளோதான்."

உள்ளே பக்கத்து இடத்துக்காரன் இருந்தான். சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் தெரிந்துவிட்டது என்று அவன் முதுகைப் பார்த்ததும் தெரிந்தது. நான் கிளம்பும்போது சின்னம்மா, சட்டை தைத்தாகிவிட்டதா என்று கேட்டார். சார் அந்த ஒரு சட்டையைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன்.

"குடுக்கச் சொல்லு. கோர்ட்டுக்குப் போட்டுக்கினு போவ அவருக்கு வேற சட்ட இல்ல."

நான் டெய்லரிடம் வாங்கி வந்து கொடுத்தேன். காஜா எடுக்காமல் இருந்தது. டெய்லர் அன்று என்னை வாத்தியாரே என்று கூப்பிடவில்லை. மடியில் வைத்துக் கையாலேயே காஜா எடுத்துக் கொடுத்தார்.

சோறு போட்ட வீட்டுக்கு ஒன்றும் வரக் கூடாது என்று சித்தப்பா தானாகவே இறங்கி வந்தார். தீபாவளிக்கு முதல் நாள் கள்ளக்குறிச்சியில் ஒரு வக்கீலோடு போய் ஆஜரானார். கீழே நல்ல வெயில், முழுக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டிருந்தார் என்று போய்விட்டு வந்தவர்கள் சொன்னார்கள். முப்பத்துநாலும் அவருக்குத் தொளதொளவென்று இருந்ததாம். மற்ற நான்கு வீட்டுக்கும் நாம் துணி கொண்டுபோனோம். லீடர் பட்டாசுக் கட்டு ஒன்று தன் பங்காக வைத்தான். அதெல்லாம் உங்களுக்கு நினைவிருக்கும். அதைத்தான் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

பிறகு நடந்தது மெதுவாக நடந்தது. சித்தப்பா ஒரு மாதம் கழித்து வெளியே வந்தார். வாய்தா வாய்தாவாக அலைந்தார். அவரோடு கேஸில் பெயர் இருந்த இரண்டு பேர் கடைசிவரை சிக்கவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து நம் ஊர்க் கேஸை அப்படியே விட்டுவிட்டார்கள். அந்த இரண்டு பேரும் சாதாரணமாக வீட்டுக்கு வந்து, மறுநாள் கொல்லைக்குப் போனார்கள். ஒரு பைசா செலவில்லை. சித்தப்பாவும் இன்னும் கொஞ்சகாலம் குளிரில் இருந்திருந்தால் அவருக்கும் அதுதான். பக்கத்து இடத்துக்காரன் ஒன்பதாவது பாதியில் நின்றான். அந்தப் பெஞ்சில் என் பக்கத்தில் பிறகு யாரும் உட்காரவில்லை. நானும் யாரையும் கூப்பிடவில்லை.

போன மாதம் ஒரு பரீட்சை எழுத பெங்களூர் போனேன். அவன் அங்கே கட்டட மேஸ்திரி. விலாசம் கேட்டுப் போனேன். டீ வாங்கிக் கொடுத்தான். என் சம்பளம், என் தங்கை கல்யாணம் எல்லாம் விசாரித்தான். கோபம் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. அந்தச் சட்டையால் உங்கள் வீட்டுக்கு மொத்தம் எவ்வளவுடா ஆச்சு என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவன் யோசிக்கவே இல்லை. வக்கீல், ஜாமீனுக்கு நின்ற இரண்டு பேருக்குக் கொடுத்தது, பதினாலு வாய்தாவுக்கு இரண்டு பேர் பஸ் சார்ஜ், அவசரத்தில் பாதி விலைக்கு விற்ற கறவை மாட்டில் போனது என்று விரல் விட்டான். கூட்ட வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை. அந்தக் கடனை அடைக்கத்தான் அவன் பள்ளிக்கூடத்தை விட்டிருக்கிறான்.

"ரெண்டாயிரத்து நானூத்திப் பத்து" என்றான்.